பதினெட்டு வயதும் பள்ளிக்கூடமும்

இலங்கையில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1959ஆம் ஆண்டில். நம்மை ஆண்ட பிரித்தானியா இதே மாற்றத்துக்குச் சட்டம் இயற்றியது 1969இல். இந்தியாவில் இது நடைமுறைக்கு வந்தது 1989இல். இந்த ஒரு விடயத்தில் நாம் இரண்டு நாடுகளையும் முந்திக்கொண்டோம்.

முந்திக்கொண்ட பெருமை இருக்கட்டும். இருபது வருடங்களாக க.பொ.த. உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்து வருகிறேன். இரண்டாம் வருட வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது நான் கூப்பிடுவதில் பல பெயர்கள் வாக்காளர்களின் பெயர்கள். நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஆனால் தாங்கள் படிக்கிற கல்லூரியின் நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சட்டம் பெரியவராக்கிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் இன்னும் கைக்குழந்தையாகவே வைத்திருக்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை என்பதே வரலாறு. இளைஞர்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில் நமது கல்லூரிகளிலும் சங்கங்களிலும் பிரசையாக வாழும் பயிற்சி இருந்தது. வாக்குரிமை கிடைத்த பிற்பாடு அந்தப் பயிற்சி கொஞ்சங் கொஞ்சமாகக் கைநழுவிப் போனது. இது எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

'குடி' என்ற சொல்

தமிழ் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'பிரசை' வடசொல். பிள்ளை, சந்ததி, ஆளப்படுபவர் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. அரசன் தந்தை, மக்கள் பிள்ளைகள் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'குடிமகன்' தமிழ்ச் சொல். ஆனால் அதன் கதையும் சிக்கலானது. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் 'குடிமை' என்றால் தொழில்வழிச் சாதியினர் மேல்நிலையில் இருந்தவர்களுக்குச் செய்யவேண்டிய ஊழியம். 'குடிமக்கள்' என்றால் அந்த ஊழியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் அதே சொல்லுக்கு வேறு வாழ்வு. இங்கே 'குடி' என்பது தாய்வழி. "நீங்க என்ன குடி?" என்று கல்யாணம் பேசுகிற இடத்தில் இன்றும் கேட்பார்கள். குடிக்கொரு மரைக்கார் என்ற மரபில் பள்ளிவாசல் நிர்வாகம் நடந்தது. ஒவ்வொரு குடியின் குரலும் பள்ளிவாசல் சபையில் இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. ஒரே சொல் ஓரிடத்தில் ஊழியத்தையும் இன்னோரிடத்தில் பிரதிநிதித்துவத்தையும் குறித்தது.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. சட்டம் தருகிற உரிமையைச் சட்டமே பறிக்கவும் முடியும் என்பதை அது காட்டியது. பிரசையாக நடந்துகொள்ளும் பழக்கம் வேறு. அதைச் சட்டம் தராது. யாராவது பழக்க வேண்டும்.

சித்தி லெப்பையிலிருந்து ஜாயா வரை

மர்ஹூம் எம்.சி. சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது முஸ்லிம்களுக்குச் சட்டநிரூபண சபையில் ஒரு பிரதிநிதிகூட இருக்கவில்லை. 1889இல்தான் ஒரு நியமன உறுப்பினர் கிடைத்தார். பத்திரிகையை வாசித்து, ஊர்க் காரியத்தைக் கதைத்து, கருத்துச் சொல்லக்கூடிய ஒரு கூட்டத்தை உருவாக்க சித்தி லெப்பை விரும்பினார். அதே நோக்கத்தின் தொடர்ச்சியாகவே அவரும் வாப்பிச்சி மரைக்காரும் மற்றவர்களும் முன்னின்று 1892இல் மருதானையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள். அதற்கு அக்காலத்தில் இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஆதரவும் இருந்தது. பின்னாளில் அதுவே ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று.

1921இல் மர்ஹூம் ரீ.பி. ஜாயா அதன் அதிபரானார். அதற்கு முன்னர் அவர் ஆனந்தா என்ற பௌத்த கல்லூரியில் படிப்பித்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1924இல் சட்டநிரூபண சபைக்கும் 1936இல் அரசாங்க சபைக்கும் போனார். ஓர் அதிபர் மக்கள் பிரதிநிதியாகவும் இருந்தார் என்பதை இன்றைய கண்ணால் பார்த்தால் விசித்திரமாகத் தெரியும். அன்றைய மாணவனுக்கு அது பெரிய பாடம். சபையில் நாட்டின் காரியம் பேசுகிற மனிதரே கல்லூரியில் தன்னையும் கவனிக்கிறார். அரசியல் எங்கோ தூரத்தில் நடப்பதல்ல, படித்த மனிதன் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று என்பதை அவன் கண்ணால் கண்டான்.

1945 நவம்பரில், டொமினியன் அந்தஸ்தை நோக்கிய வெள்ளை அறிக்கையை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தது. ஜாயா அதை ஆதரித்துப் பேசினார். சமூகத்துக்கென்று தனியாகக் கேட்டு நிற்பதைவிட நாட்டின் விடுதலை முந்தியது என்பதே அந்தப் பேச்சின் சாரம். பிரேரணை 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அந்த நிலைப்பாட்டால் முஸ்லிம்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று இன்றும் வாதிக்கலாம். வகுப்பில் நான் அதை வாதத்துக்கே விடுகிறேன்.

வடக்கில் மாணவர் எழுந்த காலம்

ஜாயா ஸாஹிராவைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் என்ற இளம் ஆசிரியரும் அவருடைய தோழர்களும் மாணவர் காங்கிரஸ் ஒன்றை அமைத்தார்கள். பிற்பாடு அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தீண்டாமையை எதிர்த்தார்கள். தாய்மொழிக் கல்வியையும் சிங்களம், தமிழ் இரண்டையும் படிப்பதையும் வலியுறுத்தினார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள்.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்கு. அந்த யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அதே தேர்தலில் மட்டக்களப்பு தெற்கில் வென்ற மர்ஹூம் எச்.எம். மாக்கான் மாக்கார் அமைச்சராகவும் ஆனார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "அப்ப ஆரு சேர் செய்தது சரி?" கேட்கட்டும். இலட்சியத்துக்காக ஒதுங்கி நின்றவர்களுக்கும் உள்ளே போய்க் காரியம் பார்த்தவர்களுக்கும் தத்தம் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் விலையும் இருந்தது. விலையை யோசித்து முடிவெடுக்கப் பழகுவதுதான் குடியியலில் முதற்பாடம்.

அஸீஸின் வழி

அந்த யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். யுத்தகால உணவு உற்பத்திக்காக 1942இல் அவரைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். நெல்லைப் பற்றி விசாரிக்க வந்தவர் எங்கள் பகுதியின் படிப்பையும் விசாரித்தார். அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை வறுமையால் படிப்பை விடக்கூடாது என்பதற்காகச் சமூகமே காசு சேர்த்துக் கணக்கு வைத்த ஏற்பாடு அது.

1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு அஸீஸ் ஸாஹிரா அதிபரானார். 1961 வரை அங்கே இருந்தார். அவர் காலத்து ஸாஹிரா முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமான அடைத்த வீடாக இருக்கவில்லை. கரவெட்டியிலிருந்து வந்த கா. சிவத்தம்பி அங்கேதான் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்புப் படித்தார். பிற்பாடு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். முஸ்லிம் கல்லூரியொன்று தமிழ்த் திறனாய்வின் பேராசிரியர் ஒருவரை உருவாக்குவதில் பங்கெடுத்தது என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவாக அஸீஸ் முன்னின்றார். அதன் பெறுமதியை நாம் சரியாக எடைபோடவில்லை என்பது என் எண்ணம். ஊரூராக வை.எம்.எம்.ஏ. கிளைகள் வந்தன. கிளை என்றால் ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர். கூட்டம் கூடினால் அறிக்கை எழுத வேண்டும். காசு வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். வருடம் முடிந்தால் கணக்குக் காட்டிப் பதவியை விட்டு மீண்டும் தெரிவுக்கு நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த பொடியன் இவற்றைச் செய்து பழகினால், நாளை பிரதேச சபையின் கணக்கைக் காட்டு என்று கேட்கும் தைரியம் தானாக வரும். தன் கணக்கைக் காட்டிப் பழகியவன்தான் அடுத்தவரின் கணக்கைக் கேட்பான்.

அஸீஸ் தாமும் அப்படியே நடந்தார். 1952இல் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டவர், தமது கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்கு மாறியபோது 1956இல் அதிலிருந்து விலகினார். கட்சியை விடப் பெரிய காரியங்கள் உண்டு என்பதை ஓர் அதிபர் தன் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிப் படிப்பிக்க முடியும்?

வாக்கு வந்தது, பயிற்சி போனது

1959இல் பதினெட்டு வயதுக்கு வாக்கு வந்தது. அதை அடுத்த இரண்டு வருடங்களில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஏழைப் பிள்ளைக்கு அதனால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியின் காரியத்தை ஊரும் மாணவரும் தமதென்று நினைத்த பழக்கம் சுற்றறிக்கைக்கு இடங்கொடுத்து ஒதுங்கியது. 1972 சீர்திருத்தத்தில் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் சமூகக் கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் போயின. இன்று குடியியற் கல்வி சாதாரண தரத்தில் ஒரு தெரிவுப் பாடம். உயர்தரத்துக்கு வந்ததும், அரசியல் விஞ்ஞானம் எடுக்காத பிள்ளைக்கு அதுவும் இல்லை. வாக்களிக்கிற வயதில்தான் குடியியல் நின்றுபோகிறது.

இடையில் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1971 ஏப்ரலில் தெற்கின் படித்த இளைஞர் ஆயுதம் தூக்கினர். 1987-89இல் மீண்டும். வடக்குக் கிழக்கில் உயர்தர வகுப்பு வயதுப் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டு இயக்கங்களுக்குப் போனார்கள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரத்தம் சிந்தியது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாக்காளர் இடாப்பில் பெயரைத் தக்கவைப்பதே ஒரு போராட்டமாயிற்று.

இளைஞர் அமைதியின்மையை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அரசியல் அதிகாரம் தவறாகப் பயன்படுவதும், வேலைவாய்ப்பில் நீதி இல்லாததும், முடிவெடுக்கும் இடங்களில் தங்களுக்குப் பங்கில்லை என்ற உணர்வும் இளைஞரை வன்முறைக்குத் தள்ளின என்று அது கண்டது. அதையொட்டி உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுக்களில் 40 சதவீதம் இளைஞர் என்ற விதி வந்தது. பின்னைய திருத்தத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. 2023 திருத்தம் 35 வயதுக்குட்பட்டோருக்கு 25 சதவீதம் என்று மீண்டும் கொண்டுவந்து, 2025 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் நாற்காலியை ஒதுக்குகிறது. அதில் உட்காரப் பழகியவரை எங்கிருந்து கூட்டிவருவது? பட்டியலை நிரப்பக் கடைசி நேரத்தில் ஆள் தேடி அலைந்த கதையைப் பல ஊர்களில் கேட்டோம்.

பயத்தின் வருடங்கள்

நமது சமூகத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு முஸ்லிம் இளைஞன் என்றாலே சந்தேகக் கண். பெற்றார் பயந்தார்கள். "ஒண்டுக்கும் போகாத மகன், படிப்பப் பார்" என்பது வீட்டுக்கு வீடு கேட்ட வார்த்தை. அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பயந்து மூடிய அறைக்குள் பிள்ளை தனியாக இருக்கவில்லை, கையில் தொலைபேசி இருந்தது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டிய கேள்வியை அவன் முகம் தெரியாதவர்களிடம் கேட்டான். அந்தக் குண்டுதாரிகள் போன்றவர்களும் அப்படியான அறைகளில்தான் ஆள் தேடுகிறார்கள். ஆகவே இளைஞரைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு அல்ல.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2020இல் கொவிட் ஜனாஸாக்களை எரிக்கும் கட்டாயம் வந்தபோது மக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுக்கள் தள்ளுபடியாயின. பின்னர் பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தனர். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மனு, வெள்ளைத் துணி, பொறுமை ஆகிய மூன்றும் பிரசையின் கருவிகள். 2022இல் காலிமுகத்திடலில் எல்லோரும் ஒன்றாக இருந்து நோன்பு திறந்ததையும் இந்தப் பிள்ளைகள் கண்டார்கள்.

கடிதம் எழுதுதல்

இனி வகுப்பறைக்கு வருவோம். கடிதம் எழுதுதல் தமிழாசிரியர் கையிலுள்ள பாடம். எங்கள் கல்லூரிக்கு முன்னாலுள்ள வடிகான் மாரி காலத்தில் நிரம்பி வீதியில் ஓடும். உயர்தர மாணவர்களைப் பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதச் சொன்னேன். "எங்கட கடிதத்த ஆரு சேர் பாக்கப் போறாங்க?" என்று ஒருவன் கேட்டான். எழுதி வந்த கடிதங்கள் எல்லாம் 'தங்களின் மேலான கருணையை இறைஞ்சி நிற்கிறோம்' என்று முடிந்தன.

"சபையின் காசு யாருடைய காசு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "வரி கட்டுறது எங்கட வாப்பாமார்தானே சேர்." அதற்குப் பிறகு 'இறைஞ்சுகிறோம்' போய் 'கோருகிறோம்' வந்தது. வடிகானை அளந்தார்கள். எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று ஒரு கொப்பியில் குறித்தார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறைந்த இருவர் ஒதுக்கீட்டு விபரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். ஏன் கேட்கிறாய் என்று அதில் காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதை வாசித்துவிட்டு அவர்கள் என்னை நம்பாமல் பார்த்தார்கள். பதில் வந்தது. வடிகானில் பாதி துப்புரவானது, மீதி அப்படியே கிடக்கிறது. பாதி வேலைக்கு நன்றிக் கடிதமும் மீதி வேலைக்கு நினைவூட்டற் கடிதமும் அவர்களே எழுதினார்கள். குடிமைக்கும் குடியுரிமைக்கும் இடையிலுள்ள தூரம் சில வேளை ஒரு வினைச்சொல்லின் தூரந்தான்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவைப்படவில்லை. பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. சபாநாயகரின் உடுப்புக்கும் மாலைக்கும் செலவழிக்கிற கவனத்தில் கொஞ்சத்தை எடுத்து, உண்மையான ஒரு காரியத்தை அதன் கையில் கொடுக்கலாம்: நூலக நேரம், சிற்றுண்டிச்சாலை விலை, விளையாட்டுப் போட்டிக் கணக்கு. பிரதேச சபைக் கூட்டத்தைப் பார்க்க ஒரு வகுப்பைக் கூட்டிப் போகலாம். ஹன்சார்ட்டில் தமிழ் உரைகள் அச்சாகின்றன. ஜாயா காலத்து விவாதத்தையும் இன்றைய விவாதத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் அது நல்ல தமிழ்ப் பயிற்சியுமாகும்.

பள்ளிவாசலுக்கும் இதில் பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர்களைப் பொறுப்புக்கூற வைக்கிறது. ஆனால் பல ஊர்களில் ஜமாஅத் கூட்டத்துக்கு வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வேலை கதிரை அடுக்குவதுதான். பெண்பிள்ளைக்கு அதுவும் இல்லை. எங்கள் கலைப்பிரிவு வகுப்புகளில் நிரம்பி இருப்பவர்கள் பெண்பிள்ளைகள். 1931இலேயே நாட்டில் வாக்குப் பெற்றவர்களின் பேத்திகள் அவர்கள். றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் இருபது வயதளவிலான உஸாமா (ரழி) அவர்களைப் படைத்தலைவராக்கியபோது, மூத்த ஸஹாபாக்கள் இருக்கையில் இந்த இளைஞனா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நபியவர்கள் உஸாமாவின் தகுதியை எடுத்துச் சொல்லி நியமனத்தை நிலைநிறுத்தினார்கள். இந்த வரலாற்றை மிம்பரில் கேட்கிறோம். நிர்வாகக் கூட்டத்தில் மறந்துவிடுகிறோம்.

சித்தி லெப்பை பத்திரிகையைக் கொடுத்தார். ஜாயா முன்னுதாரணத்தைக் கொடுத்தார். அஸீஸ் அறிக்கைப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுத்தார். நமது பங்குக்கு, வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசலின் அறிக்கையை எழுத ஓர் உயர்தர மாணவனையும், கல்விக் குழுவின் கணக்கைப் பார்க்க ஓர் உயர்தர மாணவியையும் அழைப்போம். பிழை விட்டால் திருத்துவோம். அடுத்த வருடமும் அவர்களையே அழைப்போம்.